குளத்துப் பச்சையில் நஞ்சு உண்டா? மரபணுச் சோதனை தரும் விடை

கோடையில் ஏரி, குளம், ஊருணி, பண்ணைக் குட்டை ஆகியவற்றில் நீர் வற்றி, இடுப்பளவுத் தண்ணீர் மட்டும் தேங்கி நிற்கும். அப்போது காற்று அடங்கிய காலை வேளைகளில், பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் நீரின் மேல் ஓர் ஏடு படர்வதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். காற்று வீசத் தொடங்கியதும் அது ஒரு பக்கக் கரையில் ஒதுங்கும். சில நாட்களில் நீலம் பாரித்து நாற்றம் அடிக்கும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, "ஐயா, இது விஷப் பாசியா? மாடு குடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

இக்கேள்விக்கு உண்மையான விடை, "கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது" என்பதுதான். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே பெயர் கொண்ட இரண்டு பாசிகளில் ஒன்று நஞ்சு சுரக்கும், மற்றொன்று சுரக்காது. இரண்டையும் பிரித்தறிய இன்று அறிவியல் ஒரு வழி கண்டிருக்கிறது. பாசியின் உடலுக்குள் இருக்கும் மரபணுவைப் படிப்பதே அவ்வழி. அது எப்படி நடக்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, சோதனை முடிவு கைக்கு வரும் வரை விவசாயி என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நண்பனும் உண்டு, பகைவனும் உண்டு

நீலப்பச்சைப் பாசி என்ற பெயர் நெல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வயலுக்குத் தரும் உயிர் உரமாக அதனை அவர்கள் அறிவார்கள். நெல் வயலில் இப்பாசிகள் தழைச்சத்தை நிலைநிறுத்துகின்றன என்பதை 1939-இல் பி. கே. டே என்ற இந்திய விஞ்ஞானி வெளியிட்டார். அசோலா இலைக்குள் குடியிருந்து தழைச்சத்துச் சேர்ப்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்த அனபீனாவே.

பாசி என்று சொன்னாலும் இவை உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே இன்று விஞ்ஞானிகள் இவற்றை சயனோபாக்டீரியா என்று அழைக்கிறார்கள். இக்குடும்பம் மிகப் பெரியது. அதில் நிலத்துக்கு உதவுபவை பல. தீங்கும் இல்லாமல் நன்மையும் இல்லாமல் வாழ்பவை பல. நஞ்சு சுரப்பவை சில. தேங்கிய நன்னீரில் ஏடாகத் திரள்வதில் பெயர் பெற்றது மைக்ரோசிஸ்டிஸ். இது தழைச்சத்தை நிலைநிறுத்துவது இல்லை. ஆகவே, குளத்தில் மிதக்கும் பச்சை ஏட்டை வாரி வயலில் போட்டால் உயிர் உரம் ஆகும் என்று எண்ணுவது தவறு. உயிர் உரத்துக்கான பாசி, தேர்ந்தெடுத்துத் தனியே வளர்க்கப்பட்டது. குளத்து ஏடு எது என்று தெரியாதது.

நஞ்சுகளிலும் வகை உண்டு. மைக்ரோசிஸ்டின், நாடுலாரின் ஆகியவை ஈரலைத் தாக்குபவை. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்பது ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அனடாக்சின், சாக்சிடாக்சின் ஆகியவை நரம்பைத் தாக்கி, மூச்சை நிறுத்துபவை.

1878-இல் தெரிந்த செய்தி

இந்த நஞ்சைப் பற்றி அறிவியல் ஏட்டில் வந்த முதல் அறிக்கை கால்நடைச் சாவைப் பற்றியதுதான். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், மர்ரி ஆறு கடலில் கலக்கும் முன் பாயும் அலெக்சாண்ட்ரினா என்ற ஏரி உள்ளது. அதன் கரையில் குடித்த ஆடு, மாடு, குதிரைகள் மடிந்தன. ஜார்ஜ் பிரான்சிஸ் என்ற வேதியியலார் இதை ஆராய்ந்து, 1878 மே மாதம் 'நேச்சர்' ஏட்டுக்கு எழுதினார். கரையில் ஒதுங்கிய ஏடு பச்சை எண்ணெய்ச் சாயம்போல் தடித்துக் கிடந்தது என்று அவர் குறித்திருக்கிறார். அந்த ஏட்டை எடுத்து ஒரு செம்மறி ஆட்டுக்குப் புகட்டினார். ஒரு நாள் முடிவதற்குள் ஆடு இறந்தது. அது நாடுலாரியா என்ற நீலப்பச்சைப் பாசி.

அதே நாட்டில், 113 ஆண்டுகளுக்குப் பின்னர், 1991-இல், டார்லிங் ஆற்றில் சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலப்பச்சைப் பாசி திரண்டது. கால்நடைகள் மடிந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. கரையோர ஊர்களுக்குக் குடிநீர் தர ராணுவத்தின் உதவி தேவைப்பட்டது. வறட்சியால் ஆற்றின் ஓட்டம் குறைந்ததும், நீரில் சத்துகள் மிகுந்திருந்ததும் அதற்குக் காரணங்கள்.

உருவம் ஏன் போதாது?

நீலப்பச்சைப் பாசிகளை உருவத்தால் இனம் பிரிப்பதில் நம் நாடு யாருக்கும் பின்தங்கியது அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி. வி. தேசிகாச்சாரி எழுதி, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழு 1959-இல் வெளியிட்ட 'சயனோபைட்டா' என்ற நூல், உலகெங்கும் பாசியியலார் மேசையில் இடம்பெற்றது. உயிரணுவின் வடிவம், இழையின் அகலம், உறையின் தன்மை ஆகியவற்றை வைத்து எந்த இனம் என்று சொல்ல அத்தகைய நூல்கள் உதவுகின்றன.

ஆனால் எந்த இனம் என்று தெரிவது வேறு. நஞ்சு சுரக்குமா என்று தெரிவது வேறு. ஒரே குளத்தில், ஒரே மைக்ரோசிஸ்டிஸ் கூட்டத்தில், நஞ்சு சுரக்கும் வகையும் சுரக்காத வகையும் கலந்தே வளர்கின்றன. விதைநெல்லில் கலப்படம் இருந்தால் பயிர் கதிர் விடும்போதாவது தெரிந்துவிடும். இங்கே அப்படி எந்த அடையாளமும் வெளியே தோன்றுவது இல்லை. இரண்டின் விகிதமும் பருவத்துக்குப் பருவம் மாறும். சென்ற ஆண்டு இதே பச்சைத் தண்ணீரைக் குடித்த மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து, இந்த ஆண்டும் ஆகாது என்று நம்புவது ஆபத்தானது. அதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு எடுத்துக்காட்டு: சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் ராசிபோர்ஸ்கியை என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, இப்போது ராபிடியாப்சிஸ் என்று பெயர் மாற்றப்பட்ட இழைப் பாசி. ஆஸ்திரேலியாவில் இது ஈரல் நஞ்சைச் சுரக்கிறது. பிரேசிலில் இதே பாசி நரம்பு நஞ்சைச் சுரக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

நஞ்சின் செய்முறை எங்கே எழுதப்பட்டுள்ளது?

ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அந்த உயிர் என்னென்ன செய்ய வல்லது என்பது அதில் நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. அதன் ஒரு பகுதி ஒரு வேலைக்கான குறிப்பு. அதையே மரபணு என்கிறோம். நஞ்சு சுரக்கும் பாசியில் அந்த நஞ்சைச் செய்யும் குறிப்பு இருக்க வேண்டும். சுரக்காத பாசியில் அது இல்லாமலோ, பழுதுபட்டோ இருக்க வேண்டும். அப்பகுதியைக் கண்டுபிடித்துவிட்டால், உருவத்தை நம்பி இருக்க வேண்டியது இல்லை.

ஜெர்மனியில் எல்கே டிட்மான் முதலியோர் இதை 1997-இல் மெய்ப்பித்தார்கள். நஞ்சு சுரக்கும் மைக்ரோசிஸ்டிஸ் ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு மரபணுவை வேலை செய்யாதபடி முறித்தார்கள். பாசி உயிரோடு இருந்தது, வளர்ந்தது, ஆனால் மைக்ரோசிஸ்டின் சுரப்பது நின்றுபோயிற்று. நஞ்சுக்குக் காரணம் அந்த மரபணுவே என்பதில் ஐயம் இல்லாமல் போயிற்று. 2000-இல் ஆஸ்திரேலிய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் சேர்ந்து அந்தக் குறிப்பு முழுவதையும் படித்து முடித்தார்கள். சுமார் 55,000 எழுத்துகள் நீளம். அதில் பத்து மரபணுக்கள். அவற்றுக்கு எம்.சி.ஒய். 'ஏ' முதல் 'ஜே' வரை பெயரிட்டார்கள்.

இப்பத்து மரபணுக்களும் செய்யும் வேலையைக் கட்டட வேலையோடு ஒப்பிடலாம். சித்தாட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதுபோல, ஒவ்வொரு மரபணுவின் பொருளும் தன் பங்குக்கு ஒரு துண்டைச் சேர்த்து அடுத்ததன் கையில் கொடுக்கிறது. கடைசியில் ஏழு துண்டுகள் வளையமாக இணைந்து மைக்ரோசிஸ்டின் ஆகிறது. வரிசையில் ஓர் ஆள் இல்லாவிட்டால் சட்டி மேலே போய்ச் சேராது. அதுபோலவே, ஒரு மரபணு முறிந்தால் நஞ்சு உருவாகாது.

பிற நஞ்சுகளின் குறிப்புகளும் பின்னர் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. நாடுலாரினுக்கு உரியது 2004-இலும், சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின், சாக்சிடாக்சின் ஆகியவற்றுக்கு உரியவை 2008-இலும் வெளியாயின.

சோதனை நடக்கும் விதம்

குளத்து நீரில் கோடிக்கணக்கான உயிர்களின் டி.என்.ஏ. கலந்திருக்கும். அதில் நமக்கு வேண்டிய சிறு பகுதியை மட்டும் தேடிப் பிடிக்க உதவுவது பி.சி.ஆர். என்ற முறை. இதை அமெரிக்க விஞ்ஞானி கேரி முல்லிஸ் 1983-இல் வகுத்தார். 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியை ஆராய்ந்தது இதே முறையில்தான். ஆகவே பெயர் இப்போது ஊர் அறிந்தது.

முதலில் குளத்து நீரை மெல்லிய வடிதாளில் வடிகட்டிப் பாசியைப் பிரிப்பார்கள். பாசியின் உயிரணுக்களை உடைத்து டி.என்.ஏ.வைத் தனியே எடுப்பார்கள். பிறகு, நஞ்சு மரபணுவின் இரு முனைகளிலும் மட்டுமே ஒட்டக்கூடிய, சுமார் 20 எழுத்து நீளமுள்ள தொடக்கத் துணுக்குகளைச் சேர்ப்பார்கள். வேறு எந்த இடத்திலும் அவை சரியாகப் பொருந்தா.

பிறகு குழாயைச் சுமார் 95 டிகிரி வரை சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரியும். 50 முதல் 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் துணுக்குகள் தமக்கு உரிய இடத்தில் ஒட்டும். 72 டிகிரிக்குக் கொண்டு வந்தால் ஒரு நொதி அங்கிருந்து தொடங்கிப் புதிய இழையைக் கட்டும். அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஆகவே அது கொதிக்கும் சூட்டிலும் கெடுவது இல்லை.

ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்காகும், பிறகு எட்டு. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன கதை நமக்குத் தெரியும். அதே கணக்குதான் இதுவும். 30 சுற்று முடிந்தால் ஒன்று 107 கோடிக்கு மேல் பெருகும். நஞ்சு மரபணு நீரில் இருந்தால் பெருகும். இல்லாவிட்டால் எதுவும் பெருகாது. எத்தனையாவது சுற்றில் பெருக்கம் புலப்படுகிறது என்பதை ஒளிரும் சாயத்தின் உதவியால் அளக்கும் கருவிகளும் உள்ளன. முன்னதாகவே புலப்பட்டால் மரபணு மிகுதி. பிந்திப் புலப்பட்டால் குறைவு. இதனால், "உண்டா, இல்லையா?" என்பதோடு நில்லாமல், "எவ்வளவு?" என்பதற்கும் விடை கிடைக்கிறது. ஒரே நாளில் முடிவு சொல்ல முடியும்.

எம்.சி.ஒய். 'ஈ' என்ற மரபணு இச்சோதனைக்குப் பெரிதும் பயன்படுகிறது. மைக்ரோசிஸ்டிஸ் மட்டும் அல்லாமல், மைக்ரோசிஸ்டின் சுரக்கும் பிற பாசிகளிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், ஒரே சோதனையில் பலவற்றைப் பிடித்துவிடலாம். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஏரி, ஆற்று நீரை எடுக்கும் பொதுக் குடிநீர் நிலையங்கள் இச்சோதனையைச் செய்ய வேண்டும் என்று 2016-இல் விதி வகுக்கப்பட்டது. பாசி கண்ணுக்குப் புலப்படும் அளவுக்குத் திரள்வதற்கு முன்னரே இது எச்சரிக்கை தரும் என்பதே இதன் பெரும் நன்மை.

சோதனை சொல்லாதது எது?

எந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. மரபணு இருக்கிறது என்றால், "இப்பாசி நஞ்சு சுரக்க வல்லது" என்று பொருள். "நீரில் இப்போது இவ்வளவு நஞ்சு இருக்கிறது" என்று பொருள் அல்ல. வீட்டில் அரிவாள் இருப்பது வேறு. அது ஓங்கப்படுவது வேறு. செத்த பாசியின் டி.என்.ஏ.வும் சிறிது காலம் நீரில் இருக்கும். இதற்கு எதிர்மாறாக, பாசி மடிந்து கரைந்த பிறகும் அது கக்கிய நஞ்சு நீரில் நிலைத்திருக்கும். அப்போது மரபணுச் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். குளத்து நீரில் உள்ள மக்கிய தழைச்சாறு பி.சி.ஆர். வினையைத் தடுத்து, இருப்பதை இல்லை என்று காட்டுவதும் உண்டு. நல்ல ஆய்வுக் கூடம் இதைக் கண்டுகொள்ளத் தனியே ஒரு சரிபார்ப்பும் செய்யும்.

ஆகவே மரபணுச் சோதனை எச்சரித்தால், அடுத்து நஞ்சையே அளக்கும் சோதனை வேண்டும். எலைசா என்ற சோதனையும், நிறமாலைக் கருவி கொண்டு செய்யும் வேதியியல் சோதனையும் அதற்கு உள்ளன. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வரம்பு கூறியது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் நஞ்சு என்பது இந்த அளவு.

மயில்துத்தம் கற்பித்த பாடம்

பாசியைக் கண்டதும் மயில்துத்தம் வாங்கி வந்து குளத்தில் கொட்டுவது பல ஊர்களில் வழக்கம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பாம் தீவு உள்ளது. 1979-இல் அத்தீவின் குடிநீர் அணையில் பாசி திரண்டு, தண்ணீரில் வாடையும் சுவைக்கேடும் உண்டாயின. அணையில் மயில்துத்தம் இட்டார்கள். சில நாட்களுக்குள் ஊரில் வாந்தியும் ஈரல் வீக்கமும் பரவின. 148 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். காரணம் தெரியாமல், 'பாம் தீவு மர்ம நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பாசி உயிரோடு இருக்கும்போது நஞ்சின் பெரும்பகுதி அதன் உடலுக்குள் அடங்கிக் கிடக்கும். மயில்துத்தம் பட்டதும் உயிரணுக்கள் வெடித்து, உள்ளே இருந்த நஞ்சு தண்ணீரில் கலக்கிறது. ஏடு மறைந்து தண்ணீர் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தத் தெளிந்த நீரே நஞ்சு.

இந்த மர்மம் விடுபட நெடுநாள் ஆயிற்று. அந்த அணையிலிருந்த இழைப் பாசியே குற்றவாளி என்பது 1985-இல் தெரிந்தது. அதன் நஞ்சான சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினின் அமைப்பு 1992-இல் தெரிந்தது. அதைச் செய்யும் மரபணுத் தொகுதி 2008-இல் தெரிந்தது. குழந்தைகள் நோயுற்ற நாளிலிருந்து 29 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்று அத்தகைய தண்ணீர் ஒரு பாட்டில் கிடைத்தால், அம்மரபணு உண்டா என்பதை ஒரே நாளில் சொல்லிவிடலாம்.

கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. மைக்ரோசிஸ்டின் கொதிநீரில் அழிவது இல்லை. கொதிக்கும்போது பாசி உடைந்து நஞ்சு கூடுதலாக வெளியேறும். தண்ணீர் சுண்டினால் நஞ்சு செறிவாகும். 2014 ஆகஸ்ட் 2 அன்று, அமெரிக்காவில் ஈரி ஏரி நீரைக் குடிக்கும் டொலிடோ நகரத்தில் மைக்ரோசிஸ்டின் வரம்பை மீறியபோது, "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்; கொதிக்க வைக்கவும் செய்யாதீர்கள்" என்றே மக்களுக்கு அறிவித்தார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், மூன்றாம் நாள் தடை நீங்கும் வரை, பாட்டில் தண்ணீரை நம்பியிருந்தார்கள்.

மணிச்சத்தும் நமது பொறுப்பும்

ஈரி ஏரியில் பாசி பெருகியதற்கு முதல் காரணம், மாமீ என்ற ஆற்றின் வழியே விளைநிலங்களிலிருந்து வந்து சேர்ந்த மணிச்சத்து. இதை விவசாயிகள் கவனிக்க வேண்டும். பாசியை வளர்ப்பது வேறு யாருமல்ல. பயிருக்கு என்று நாம் இட்டு, பயிர் எடுக்காமல் வடிகாலில் ஓடிய உரமும், சாணமும், ஊர்ச் சாக்கடையுமே.

கனடாவில் 226 என்ற எண்ணால் அழைக்கப்படும் ஏரியில் டேவிட் ஷிண்ட்லர் முதலியோர் 1973-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஏரியின் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரியும் தழைச்சத்தும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தும் இட்டார்கள். மணிச்சத்து இட்ட பாதி மட்டும் பச்சைப் பசேல் என்று மாறியது. மேலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகள் பல நீர்நிலைகளில் தழைச்சத்துக்கும் பங்கு உண்டு என்று காட்டியுள்ளன. எனினும் மணிச்சத்தைக் கட்டுப்படுத்தாமல் பாசியைக் கட்டுப்படுத்த முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பச்சை ஏடு படர்ந்த எந்த நீரையும், சோதனையில் நஞ்சு இல்லை என்று தெரியும் வரை, நஞ்சு என்றே கருதுங்கள். கால்நடைகளை அதில் இறக்காதீர்கள். குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். கிணறு அல்லது ஆழ்குழாய் நீரைத் தொட்டியில் நிரப்பிக் கால்நடைகளுக்குக் கொடுங்கள்.

2. நாயை மறந்துவிடாதீர்கள். குளத்தில் இறங்கி, உடம்பில் ஒட்டிய ஏட்டை நக்கியே நாய்கள் மடிவது உண்டு.

3. ஏடா, இழைப் பச்சையா என்று அறிய ஒரு நீண்ட குச்சியை நீரில் விட்டு எடுங்கள். தலைமயிர்போல் இழை இழையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி. சாயத்தில் தோய்த்ததுபோல் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நீர் பிடித்து, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே மிதந்து வளையம் கட்டினால் ஐயம் வலுக்கிறது. இவை இனத்தை ஊகிக்க மட்டுமே உதவும், நஞ்சைச் சொல்லா.

4. மாடு தள்ளாடுதல், உடல் நடுக்கம், மூச்சுத் திணறல், வாய், கண்களின் உட்சவ்வு வெளுத்தல் ஆகியவை தோன்றினால் உடனே அந்த நீரிலிருந்து விலக்கி, நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். என்ன தண்ணீர் குடித்தது என்பதையும் சொல்லுங்கள். இந்நஞ்சுகளுக்கு முறிமருந்து என்று தனியாக இல்லை. பிழைத்த மாட்டுக்கு ஈரல் கெட்டிருந்தால், வெள்ளைத் தோல் பகுதிகள் வெயிலில் புண்ணாகலாம். ஆகவே நிழல் முக்கியம்.

5. ஏடு படர்ந்த நீரைக் கீரை, காய்கறிகளின் மேல் தெளிப்பு நீராகப் பாய்ச்சாதீர்கள். இலைமேல் படியும் பாசி கழுவினாலும் முழுதும் போகாது.

6. திரண்ட பாசியின்மேல் மயில்துத்தமோ வேறு மருந்தோ கொட்டாதீர்கள்.

7. மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு மட்டும் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் இடுங்கள். கனமழை வரும் என்று தெரிந்தால் உரம் இடுவதைத் தள்ளிப் போடுங்கள். எருக்குழியைக் குளக்கரையில் வைக்காதீர்கள். வடிகால் குளத்தில் விழும் இடத்தில் வெட்டிவேர் அல்லது புல் வளர்த்தால், வண்டலோடு வரும் சத்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கும்.

மாதிரி எடுக்கும் முறை

எல்லா ஆய்வுக் கூடங்களிலும் இச்சோதனைகள் செய்யப்படுவது இல்லை. ஆகவே முதலில் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கால்நடை மருத்துவமனையிலோ கேட்டு, எங்கு அனுப்பலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கையுறை அணிந்து, சுத்தமான கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டில் மாதிரி எடுங்கள். ஒன்று, காற்று ஒதுக்கிய கரையில் ஏடு தடித்த இடத்தில். மற்றொன்று, கால்நடை நீர் குடிக்கும் இடத்தில். கழுத்து வரை நிரப்பாமல் சிறிது இடம் விடுங்கள். குளத்தின் பெயர், எடுத்த நாள், நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். கறுப்புத் துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள். கெடாமல் இருக்கட்டும் என்று பார்மலின் ஊற்றாதீர்கள், அது டி.என்.ஏ.வைப் பாழாக்கி மரபணுச் சோதனையைக் கெடுத்துவிடும். கால்நடை இறந்திருந்தால், தண்ணீர் மாதிரியை அன்றே எடுத்துவிட வேண்டும். காற்றுத் திசை மாறினால் மறுநாள் அந்த ஏடு அங்கே இருக்காது.

"இது விஷப் பாசியா?" என்ற கேள்விக்கு 1878-இல் ஓர் ஆட்டின் உயிரைக் கொடுத்து விடை கண்டார்கள். இன்று ஒரு பாட்டில் நீரும் ஒரு நாள் பொழுதும் போதும். ஆனால் அந்த ஒரு நாளில் மாட்டை எங்கே தண்ணீர் காட்டுவது என்பதை ஆய்வுக் கூடம் தீர்மானிக்க முடியாது. விவசாயிதான் தீர்மானிக்க வேண்டும். பச்சை ஏட்டைக் கண்ட அன்றே கால்நடையை விலக்கி, தொட்டியில் நல்ல நீர் வைப்பவருக்கு, சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் நட்டம் இல்லை.